விளைநிலமும் உழவன் வாழ்வும்

தோற்றுவாய்

தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்போர்க்கு உழவின் பெருமை புதிதன்று. ஐந்திணைப் பாகுபாட்டில் மருதத்தை வகுத்த நாள் முதலாக, திருக்குறளில் உழவுக்கெனத் தனியதிகாரம் அமைந்ததும், கம்பர் பெயரால் ஏரெழுபது வழங்குவதும் ஈறாக, ஏரையும் ஏரோட்டுவானையும் போற்றாத காலம் தமிழில் இல்லையெனலாம். யாமும் அவற்றைப் பாடம் செய்தோம், தேர்விலும் எழுதினோம். ஆயினும், சென்ற தைத் திங்கள் விடுமுறையில் எம் வகுப்புத் தோழர் ஒருவருடன் காங்கயம் பக்கத்திலுள்ள அவருடைய சிற்றூருக்குச் சென்றிருந்தபோது, அவர்தம் அப்பாரு வினவிய வினாவொன்று எம் படிப்பு முழுவதையும் எடைபோட்டுப் பார்ப்பதாய் அமைந்தது.

அப்பெரியவர்க்கு எழுபதுக்கு மேற்பட்ட அகவை. மூன்று ஏக்கர் கிணற்றுத் தோட்டமும், அதனையடுத்துப் பன்னிரண்டு ஏக்கர் மேய்ச்சற்காடும் உடையவர். அக்காட்டின் கீழ்ப்புறத்தில், முன்னர்ச் சோளம் விளைந்த நிலத்தில், வெள்ளைச் சுண்ணம் பூசிய எண்கற்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. "காட்டை வித்தவங்க மேலே எனக்குக் கோவம் இல்லீங்க, தம்பி. வித்தவன் ஒருத்தனும் சந்தோசமா விக்கலீங்க" என்றார். பின்னர், "காலேஜிலே என்னங்க படிக்கறீங்க?" என்றார். "தமிழுங்க, அப்பாரு" என்றோம். "உழுகறவனைப் பத்தித் தமிழிலே ரொம்பப் பெருமையாச் சொல்லியிருக்கறாங்களாமே. அவன் வரவு செலவைப் பத்தியும் எங்காச்சும் சொல்லியிருக்குதுங்களா, சாமி?" என்று கேட்டார். ஏளனமாகக் கேட்டாரல்லர், அறியவேண்டியே கேட்டார். யாம் விடை கூறாது நின்றோம்.

இக்கட்டுரை அவ்வினாவிற்கு யாம் காண முயலும் விடையாகும். விளைநிலத்தைக் காத்தல் வேண்டும் என்று நகரத்தார் கூறுவர். உழவன் கையில் வருவாய் தங்குதல் வேண்டும் என்று நாட்டுப்புறத்தார் கூறுவர். இவை இருவேறு வேண்டுகோள்களாக எண்ணப்படுகின்றன. இவை ஒன்றே என்பதும், ஒன்றை விடுத்து மற்றொன்றைக் காக்க முயலின் இரண்டும் கெடும் என்பதும் கொங்கு நாட்டின் வரலாற்றிலிருந்தே அறியக் கிடக்கின்றன. அவற்றை முறையே காண்போம்.

கொங்கு நாட்டு நிலவகை

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களையும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளையும் கொண்ட கொங்கு நாடு, மேற்குத்தொடர் மலையின் மழைமறைவிலே கிடப்பது. பாலைக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மிகுதியாய் வீசுகின்றது, மழையோ குறைவு. ஆகலின் இந்நாட்டார் நிலத்தை நீரின் அளவு நோக்கியே பெயரிட்டழைத்தனர். ஆற்றுக்கால் பாயும் நிலம் வயல் எனப்பட்டது. கிணற்றுநீர் பாயும் நிலம் தோட்டம் எனப்பட்டது. வானத்தையே நம்பியிருக்கும் நிலம் காடு எனப்பட்டது. கொங்குப் பேச்சிற் 'காடு' என்பது மரமடர்ந்த வனமன்று. மானாவாரி நிலமே யென்பதைப் பிறபகுதி நண்பர்கள் நினைவிற் கொள்க.

இம்மூன்றனுள் வயல் மிகச் சிறிதே. 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டதாகக் கூறப்படும் காலிங்கராயன் வாய்க்கால் பவானியாற்று நீரை ஈரோட்டுப் பக்கத்து வயல்களுக்குக் கொணர்ந்தது. 1948ஆம் ஆண்டில் தொடங்கி 1955இல் முடிந்த பவானிசாகர் அணையும் அதன் கீழ்பவானி வாய்க்காலும் ஏறத்தாழ 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. ஆயினும் அத்துணை நிலத்திற்கும் ஒருசேர நீர் விடுவதற்கில்லை. எனவே, நிலத்தை இருபாலாக்கி, ஒரு பருவத்தில் ஒரு பாதிக்கு நெல்லுக்கும், அடுத்த பருவத்தில் மறுபாதிக்குப் புன்செய்ப் பயிருக்கும் நீர் விடுகின்றனர். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்திலும் நிலத்தை மண்டலங்களாகப் பகுத்து முறைவைத்தே நீர் தரப்படுகின்றது. உள்ள குறையைப் பகிர்ந்துகொள்ளுதலே கொங்கு நாட்டுப் பண்ணையத்தின் அடிப்படை யென்பது இவற்றால் விளங்கும்.

கொறங்காடு கற்பிக்கும் பாடம்

ஆற்றுநீரும் எட்டாது, கிணற்றிலும் ஊற்று மெலிந்த நிலத்தில் யாது செய்வது? காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கங்களில் இதற்கு முன்னோர் கண்ட விடையே கொறங்காடு என்பது. எம் தோழரின் அப்பாரு எம்மை அழைத்துச் சென்று காட்டியதும் அதனையே.

செம்மண்ணும் சரளையும் கலந்த அந்நிலத்தைச் சிறுசிறு பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றையும் சூழ முட்கிளுவையை உயிர்வேலியாக நட்டுள்ளனர். கிளுவைக் குச்சியை மழைக்காலத்தில் ஊன்றினாற் போதும். வேர்விட்டுத் தழைத்து, ஆடும் மாடும் நுழையாத அரணாகிப் பல தலைமுறை நிற்கும். உள்ளே ஆங்காங்கு வெள்வேல மரங்கள் நிற்கின்றன. தரையில் கொழுக்கட்டைப்புல் தானே முளைத்து மண்டுகின்றது. மழை பெய்தவுடன் புல்லை மேயவிடாது சில நாள் வளரவிடுவர். பின்னர் ஒரு பிரிவில் மேய்த்து, அஃது ஓய்வு கொள்ளும்போது அடுத்த பிரிவிற்கு மந்தையை மாற்றுவர். கோடையிற் புல் கரிந்தபோது வெள்வேலங் காய்கள் உதிர்ந்து ஆடுமாடுகளுக்கு உணவாகின்றன. சில ஆண்டுகளுக்கொருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைப்பதும் உண்டு. அதனால் மண் இளகிப் புல்லும் புதிதாகக் கிளைக்கும்.

இந்நிலத்திலே வளர்ந்ததே புகழ்பெற்ற காங்கயம் மாட்டினம். பிறக்கும்போது செந்நிறமாயிருந்து பின்னர்ச் சாம்பல் நிறமடையும் இவ்வினத்தை, பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் பேணி வளர்த்தமை கால்நடைத் துறையினர் நன்கறிந்த செய்தி. மேச்சேரி ஆடுகளும் இங்கே மேய்கின்றன. தாமே மந்தை வளர்க்க இயலாதவர், ஆண்டுக் குத்தகைக்குக் காட்டை மேய்ச்சலுக்கு விடுகின்றனர்.

ஈண்டு நாம் கருதவேண்டிய பொருள் ஒன்றுண்டு. கொறங்காட்டைக் காக்க அரசர் எவரும் ஆணை பிறப்பித்திலர். நீர் பாய்ச்சாமலும், உரம் இடாமலும், ஆள்கூலி மிகாமலும் அது சிறிதாயினும் தவறாத வருவாய் தந்தது. அதனாலேயே அது காக்கப்பட்டது. மந்தைக்கு விலை இருந்தவரை வேலிக்குக் காவல் இருந்தது. உழவு எருதிற்குப் பதிலாக டிராக்டர் வந்து, வண்டிமாட்டிற்குப் பதிலாகச் சரக்குந்து வந்தபோது, காங்கயம் எருதின் தேவை குறைந்தது. அதனோடு கொறங்காட்டின் மதிப்பும் குறைந்தது. நிலம் மாறவில்லை, மழையும் அத்துணை மாறவில்லை, தொழிலின் வருவாய் மாறியதே நிலத்தைத் தளரச் செய்தது.

கிணறும் மின்சாரமும்

தோட்டத்தின் வரலாறும் இவ்வுண்மையையே வேறொரு வகையிற் காட்டும். முற்காலத்தில் எருது பூட்டிக் கவலையிறைத்தே தோட்டப்பயிர் செய்தனர். 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நீலமலையின் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் கோவைச் சமவெளிக்கு வந்தது. 1937இல் ஜி. டி. நாயுடு, தா. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் மின்மோட்டார் கோவையிலேயே செய்யப்பட்டது. பின்னர்ப் பம்புசெட்டுத் தொழில் இந்நகரில் வேரூன்றிற்று. பருத்தியும் கரும்பும் மஞ்சளும் தோட்டங்களில் பெருகின.

இதற்கு அறிவியலும் துணைநின்றது. சென்னைச் சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி 1906இல் கோவைக்கு மாற்றப்பட்டுக் கல்லூரியாக வளர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. 1912இல் இந்நகரில் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், பார்பர் என்பாரும் டி. எஸ். வெங்கடராமன் என்பாரும் பயிர்க்கரும்பைக் காட்டுக்கரும்போடு கலந்து உண்டாக்கிய கோ 205 என்னும் வகை, 1918இல் வெளிவந்து வடஇந்தியக் கரும்புழவையே மாற்றியது. ஆராய்ச்சியினால் விளைச்சல் பெருகியபோது நிலத்தின் மதிப்பு உழவினாலேயே உயர்ந்தது. அதனை வேறு பயனுக்கு மாற்றும் எண்ணம் எழவில்லை.

செலவு உயர்ந்தபோது உழவர் வாளாவிருந்தாரல்லர். 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையிற் கோவை உழவர் திரண்டனர். 1972இல் மாட்டுவண்டிகளால் நகரின் தெருக்களை நிறைத்தனர். பிற்காலத்தில் உழவுக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படலாயிற்று. அதனால் தோட்டங்கள் பிழைத்தன என்பதை மறுப்பார் இலர். ஆயினும் அதன் மறுபுறத்தையும் கூறாதொழிதல் நேர்மையாகாது. இறைக்கும் நீருக்கு விலையில்லாதபோது இறைப்புக்கு அளவும் இல்லாதாயிற்று. திறந்த கிணறுகள் வற்றின. ஆழ்குழாய்கள் ஆயிரம் அடிக்கும் கீழே சென்றன. துளையிடக் கடன் வாங்கி, நீர் காணாது, மீண்டும் கடன் வாங்கித் துளையிட்டவர் ஒவ்வோர் ஊரிலும் உளர். வருவாயை நோக்கி நீரைச் செலவிடின் நிலமும் நில்லாது என்பது இதனாற் பெறப்படும்.

நொய்யல் தரும் எச்சரிக்கை

வெள்ளியங்கிரி மலைப்பகுதியிற் பிறந்து, கோவை, திருப்பூர் நகரங்களைக் கடந்து, கரூர்ப் பக்கத்திற் காவிரியோடு கலக்கும் நொய்யலின் கதை நம் நாட்டார் அனைவரும் அறிந்ததே. திருப்பூரிற் பனியன் தொழில் பெருகிற்று. அத்தொழிலில் முதலாளிகளானோர் பலர் கொங்கு உழவர் குடியிற் பிறந்தவர்களே. தோட்டத்திற் கற்ற கடின உழைப்பே அவர்க்கு முதலாயிற்று. பல்லாயிரம் குடும்பங்கள் அதனால் உணவுண்டன. ஆயினும் சாயப்பட்டறைக் கழிவு ஆற்றிற் கலந்தது.

பாசனத்தின்பொருட்டு 1992இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டப்பட்டது. சில ஆண்டுகளுள் அது சாயநீர்த் தேக்கமாகிவிட்டது. அணையின் நீரைத் திறந்துவிடுக என்று வேண்டவேண்டிய உழவரே, திறவாதீர் என்று வேண்டும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டு உழவர் வழக்குத் தொடுத்தனர். கழிவுநீரை ஒரு துளியும் வெளிவிடலாகாது என்று நீதிமன்றம் விதித்தது. 2009இல் உச்சநீதிமன்றமும் உழவர்பால் நியாயத்தை ஏற்றது. ஆணைகள் முற்றும் நிறைவேறாமையால், 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. அதன் பின்னரே கழிவுநீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் முறை வேரூன்றலாயிற்று.

இவ்வரலாற்றில் நிலத்தை எவரும் பறித்தாரல்லர். பட்டா உழவர் பெயரிலேயே இருந்தது. வேலியும் இருந்தது. ஆயினும் உவர்ப்பேறிய மண்ணில் விதை முளைக்கவில்லை. நிலத்தின் உரிமையை மட்டும் காத்து, அதன் நீரைக் காவாதொழியின், காத்தது வெறும் எல்லைக்கல்லே யாகும்.

உழவன் நிலத்தை விற்பது ஏன்?

விளைநிலம் வீட்டுமனையாவதைக் கண்டு வருந்துவோர் பெரும்பாலும் உழவனது பேராசையையே பழிப்பர். அஃது உண்மையன்று என்பதற்கு அப்பெரியவர் கூற்றே சான்று. யாம் அவ்வூரில் உசாவியறிந்தவரை, நிலம் விற்கப்படுவதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, கடன். குழாய்க்கிணற்றுக் கடனும், திருமணக் கடனும், மருத்துவக் கடனும் ஆண்டு வருவாயினால் தீர்வதில்லை. இரண்டாவது, ஆளின்மை. ஆலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் நாட்கூலி மிகுதி. களையெடுக்கவும் மஞ்சள் வெட்டவும் ஆள் கிடைப்பதரிது. இதனாலேயே பொள்ளாச்சிப் பக்கத்திற் பலர் ஆள்வேலை குறைந்த தென்னையை நாடினர். ஆயினும் ஒரே பயிரை நம்பியதன் இடரும் பின்வந்தது. 2016இல் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதற் காணப்பட்டது பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்களிலேயே. மூன்றாவது, பாகப்பிரிவினை. பதினைந்து ஏக்கர் மூன்று மக்களுக்கு ஐந்தைந்தாகும். பேரர்க்கு அதனினும் சிறிதாகும். தனித்தனியே கிணறும் மோட்டாரும் வைக்க அச்சிறு துண்டு தாங்காது. நான்காவதே மிகப் பெரிது. உழவினால் அந்நிலம் ஈட்டக்கூடியதற்கும், மனையாக அது பெறக்கூடிய விலைக்கும் இடையே தோன்றியுள்ள தொலைவு. ஓர் ஏக்கரை விற்றுக் கிடைப்பதை ஆயுள் முழுதும் உழுதும் ஈட்ட முடியாது என்று ஒருவன் கணக்கிட்டறிவானாயின், அவனை எங்ஙனம் குறைகூறுவது?

திருமறையில் நாபோத்தின் திராட்சத் தோட்டத்தைப் பற்றி நாம் இளமை முதற் கேட்டிருக்கின்றோம். அரசன் ஆகாப் விரும்பிக் கேட்டும், முன்னோர் தந்த நிலத்தை விற்க அவன் இசையவில்லை. நாம் அவனைப் போற்றுகின்றோம். ஆனால் நாபோத்திற்குக் கடன் இருந்ததாக அங்கே கூறப்படவில்லை. கடனுள்ள நாபோத்தை நிலத்தில் நிறுத்துவது எங்ஙனம் என்பதே நம் காலத்து வினா.

சட்டத்தின் ஆற்றலும் எல்லையும்

இவ்விடத்துச் சட்டம் யாது செய்துள்ளது என்பதும் அறியற்பாலது. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ஒப்புதல் பெறாத மனைப்பிரிவுகளைப் பத்திரம் பதிவு செய்யலாகாது என்று தடுத்தது. அதன்பின் 2017இல் அரசு, பழைய மனைகளை வரன்முறைப்படுத்தவும், விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கும் விதிகள் வகுத்தது. 2020இல் காவிரிப் படுகை மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் எண்ணெய் எரிவளித் துரப்பணம், உருக்காலை, தோல் பதனிடுதல் முதலிய குறித்த சில தொழில்களைப் புதிதாகத் தொடங்குவதைத் தடுக்கின்றது. வீட்டுமனையைக் குறித்து அப்பட்டியல் பேசவில்லை. கொங்கு நாடு அம்மண்டலத்துட் சேர்ந்ததுமன்று.

அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் ஏறத்தாழ 3,800 ஏக்கரில் தொழிற்பூங்கா அமைக்கும் திட்டம் 2021இல் வெளிவந்தபோது, உழவர் ஒருங்கே எதிர்த்தனர். 2022 டிசம்பரில் அரசு, தனியார் நிறுவனமொன்றின் கைவசமிருந்த நிலத்தை மட்டும் கொள்வதாகவும், உழவர் நிலத்தை அவர் இசைவின்றி எடுப்பதில்லை யெனவும் அறிவித்தது. ஊரே திரண்டு நின்றமையால் அந்நிலம் தப்பிற்று. ஆனால் ஓர் ஏக்கராய், இரண்டு ஏக்கராய், தனித்தனிக் குடும்பத்தின் இடுக்கணால் மனையாகும் நிலத்திற்காக எவரும் திரள்வதில்லை. செய்தித்தாளிலும் அது வருவதில்லை.

இனி, விற்பனையையே தடை செய்தால் என்ன எனச் சிலர் கேட்பர். உழவனுக்கு நோய் வந்தாலும், மகளுக்கு மணம் வந்தாலும், அவனுக்குள்ள ஒரே காப்புநிதி அவன் நிலமே. அதன் விலையைச் சட்டத்தால் ஒரே நாளிற் குறைத்துவிட்டு, ஈடாக ஒன்றும் தாராதிருப்பின், நாட்டின் உணவுக்கான செலவு முழுவதையும் நாட்டிலேயே வறியவன் தலைமேற் சுமத்தியதாகும். தடை வேண்டுவதே, ஆனால் தடை மட்டும் அறமாகாது.

பிறநாட்டார் கண்ட வழி

இச்சிக்கலைப் பிறநாட்டார் எவ்வாறு அணுகினர் என்பதைச் சிறிது காண்போம். அமெரிக்காவில் நியூயார்க்கு நகரையடுத்த லாங் தீவில், நகரம் விரிந்து உருளைக்கிழங்குத் தோட்டங்களை விழுங்கலாயிற்று. 1974இல் அங்குள்ள சஃபோக் வட்டார ஆட்சியினர் புதியதொரு முறை வகுத்தனர். நிலத்தை வாங்காது, அதிற் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் உழவனிடம் விலைகொடுத்து வாங்கும் முறை அது. எடுத்துக்காட்டாக, மனையாக விற்பின் 10 பங்கு விலைபெறும் நிலம், உழவிற்கென விற்பின் 2 பங்கே பெறும் எனக் கொள்வோம். இடைப்பட்ட 8 பங்கை ஆட்சியினர் உழவனுக்கு அளிப்பர். நிலம் அவனுடையதாகவே இருக்கும். அவன் உழலாம், மக்களுக்கு வழங்கலாம், விற்கவும் செய்யலாம். ஆயினும் யார் கைக்குச் சென்றாலும் அது விளைநிலமாகவே நிற்கும். இளைஞன் ஒருவன் உழவு செய்ய விரும்பினால், அதனை 2 பங்கு விலைக்கே வாங்கலும் கூடும்.

வெர்மாண்டு மாநிலத்தார் மேலும் ஒருபடி சென்றனர். 1987இல் அங்கு நிறுவப்பட்ட வீட்டுவசதி, நிலப்பாதுகாப்பு வாரியம், கட்டட உரிமையை வாங்கப் பொருளுதவி செய்வதோடு, உழவர்க்குக் கணக்கு வைத்தல், தொழில் திட்டமிடல், விளைபொருளை மதிப்புக்கூட்டி விற்றல், நிலத்தை அடுத்த தலைமுறைக்கு மாற்றுதல் ஆகியவற்றில் அறிவுரையும் அளிக்கின்றது. நிலத்தைக் காத்தபின் பண்ணை நட்டத்தில் மூழ்குமாயின், காத்த நிலம் முட்புதராகுமன்றோ? அவ்வுண்மையை அவர் உணர்ந்துள்ளனர். பிரான்சு நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய சஃபேர் என்னும் நிறுவனங்கள், விலைக்கு வரும் விளைநிலத்தைப் பிறரினும் முற்பட்டு வாங்கி, உழவுத்தொழில் செய்வார்க்கே மீண்டும் விற்கின்றன.

இவற்றை அவ்வாறே இங்கு நட்டுவிட இயலாது. கோவையைச் சூழ்ந்த நிலவிலை மிக உயர்ந்தது. உழவரது நிலமோ மிகச் சிறிது. கொடுக்கவேண்டிய பொருளோ அளவிறந்தது. ஆயினும் அவற்றின் உட்கருத்து நமக்கும் உரியதே: நாட்டார் அனைவர்க்கும் பயன்படும் நிலத்தைக் காக்கும் செலவை நாட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும்.

நம் நாட்டிற்கு ஏற்றன

நம்மிடையே முன்னரே முளைத்துள்ள வழிகளும் பல. அவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

விற்பனையில் உழவனுக்கு உரிய பங்கு கிடைத்தல் வேண்டும். 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதன்முதல் திறக்கப்பெற்றுக் கோவையிலும் பரவிய உழவர் சந்தைகள், இடைத்தரகரின்றிக் காய்கறியை விற்க வழிசெய்தன. கோவை நகரை அடுத்துச் சில ஏக்கரே உடையார்க்கு இச்சந்தையே நிலத்தை விடாது பற்றிக்கொள்ளும் கொழுகொம்பு. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரின் மதிப்பு வணிகனோடு நில்லாது விளைத்தவன் கைக்கும் வருமாயின் அதுவும் நிலக்காப்பே.

சிறுநிலத்தார் ஒன்றுகூடுதல் வேண்டும். 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை அமைக்கும் திட்டத்தை 2020இல் நடுவணரசு தொடங்கிற்று. ஒருவனாற் கூடாத டிராக்டரும், உலர்களமும், செக்கும் பலர் கூடினாற் கைகூடும். ஆயினும் பெயரளவிற் பதிவுசெய்து, கணக்கறியாது கலைந்தனவும் உண்டு. ஆதலின் நிறுவனத்திற்கு முன் கணக்கறிவு வேண்டும்.

பயிரோடு பிறவும் வேண்டும். பல்லடம், உடுமலைப் பக்கங்களில், மானாவாரி நிலத்தார் பலர் காட்டின் ஒரு மூலையிற் கோழிக்கொட்டகை அமைத்து, நிறுவனத்தார் தரும் குஞ்சுகளையும் தீவனத்தையும் கொண்டு வளர்த்து, எடைக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி பெறுகின்றனர். மழை பொய்த்த ஆண்டிலும் அவ்வருவாய் நிலத்தை விற்காது நிறுத்தியது. கூலியை வகுப்பதில் வளர்ப்போர்க்கும் சமமான சொல் இருத்தல் வேண்டும் என்பது மட்டும் குறை. கூட்டுறவுச் சங்கத்திற்கு ஊற்றும் பாலும் இத்தகையதே. பயிர் ஆண்டிற்கொருமுறை தருவதைப் பசு நாள்தோறும் சிறிது சிறிதாகத் தருகின்றது.

நீரைக் காத்தல் வேண்டும். பல்லாண்டு வேண்டுகோளின் பயனாய், அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகத்து 17ஆம் நாள் தொடங்கப்பெற்றது. பவானியாற்றின் மிகைநீரை ஏற்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளங்குட்டைகளை நிரப்புவது அதன் நோக்கம். குளம் நிரம்பினாற் கிணறு ஊறும். கிணறு ஊறினால் தோட்டம் வாழும். ஆயினும் நீர் வந்து சேரும்போது குளத்தின் கீழ்த் தோட்டம் இன்றி மனைகளே இருக்குமாயின் அப்பெருமுயற்சி யார்பொருட்டு?

இறுதியாக, கொறங்காடு போன்ற நிலத்திற்குத் தனியுதவி வேண்டும். அது நீரைச் செலவிடாமல் மண்ணைக் காக்கின்றது. நாட்டு மாட்டினத்தைக் காக்கின்றது. பறவைக்கும் சிற்றுயிர்க்கும் இடமளிக்கின்றது. இவற்றின் பயன் நம் அனைவர்க்கும் உரியது. செலவு மட்டும் அப்பெரியவருடையது. கட்டட உரிமை முழுவதையும் வாங்க நம்மிடம் பொருள் இல்லாவிடினும், மேய்ச்சற்காடாக வைத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டிற்கும் ஏக்கருக்கு ஒரு தொகை அளித்தல் அரசுக்கு அரிதன்று. விலைமிக்க கோவைப் புறநகரினும், விலைகுறைந்த காங்கயக் காட்டில் இம்முறையைத் தொடங்குதல் எளிது. தமிழ்நாட்டரசு 2021 முதல் வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலையறிக்கை படித்துவருகின்றது. அதனுள் இதற்கோர் இடம் ஒதுக்குதல் தகும்.

முடிவுரை

எம் கல்லூரி மாணவரிற் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். பழைய மாணவரிற் பலர் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் இருந்துகொண்டு, ஊரில் ஐந்தோ பத்தோ ஏக்கருக்கு உரிமையாளராய் உள்ளனர். நிலத்தை விற்பதா, வைப்பதா என்னும் வினா நம்மிற் பெரும்பாலோர் வீட்டுத் திண்ணைக்கு வந்தே தீரும். எம் தோழரின் வீட்டிற்கு அது வந்துவிட்டது. எண்கல் நட்டவர் மேற்புறக் காட்டையும் கேட்டுள்ளனர். அப்பாரு பேரனுடைய சொல்லை எதிர்நோக்கியிருக்கின்றார். விற்காதே என்று அவரிடம் கூற எமக்கு உரிமையில்லை. ஆயினும் விடைகூறுமுன், அக்காட்டின் வரவுசெலவை ஐந்தாண்டிற்கு எழுதிப் பார்ப்பதென்று இருவரும் உறுதிகொண்டோம். மந்தைக் குத்தகை எவ்வளவு, வேலி பேணும் செலவு எவ்வளவு, சொந்தமாகப் பத்து ஆடு வளர்த்தால் எவ்வளவு, தோட்டத்து மஞ்சளைத் தனியே விற்பதினும் கூடி விற்றால் எவ்வளவு என்று அப்பாரு சொல்லச்சொல்ல எம் தோழர் பழைய நோட்டுப்புத்தகம் ஒன்றில் எழுதத் தொடங்கியுள்ளார். பாதி கூட நிறையவில்லை.

உழுபவன் வரவு செலவைப் பற்றித் தமிழில் எங்கேனும் சொல்லியிருக்கின்றதா என்று அவர் கேட்டார். இருப்பின் தேடிக் காண்பதும், இல்லையாயின் எழுதிவைப்பதும் தமிழ் கற்போர் கடமையாம். நிலத்தைப் புகழ்ந்து பாடியது போதும் என்று யாம் கூறவில்லை. புகழோடு கணக்கும் சேர்க என்றே வேண்டுகின்றோம். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர் ஒவ்வொருவரும், தம் வீட்டுப் பெரியோர் அருகமர்ந்து, அவர்தம் தோட்டத்துக் கணக்கை ஒருமுறை எழுதிப் பார்ப்பாராக. விளைநிலத்தைக் காக்கும் வேலை அங்கிருந்தே தொடங்கும்.